காஞ்சியா, கும்பகோணமா? அத்தையின் முழங்காலை வைத்து ஒரு கணக்கு

சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டில் இரண்டு மாதங்களாக ஒரே பேச்சுதான். அத்தையை ஊருக்குக் கோயில் பார்க்க அழைத்துச் செல்வதென்றால் காஞ்சிபுரத்துக்கா, கும்பகோணத்துக்கா? விமானத்தில் போய் வரும் நாள்களைக் கழித்தால் கையில் இருப்பவை நான்கு நாள்கள். போகிறவர்கள் ஐந்து பேர்: 76 வயது அத்தை, கணவர், நான், உயர்நிலை இரண்டில் படிக்கும் மகன், தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் மகள். அத்தைக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். சென்ற ஆண்டு இடக்கண்ணில் கண்புரை எடுத்தாயிற்று. வலக்கண்ணுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. இரண்டு ஊர்களுக்கும் வெவ்வேறு சமயங்களில் போய் வந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், இரண்டையும் எடைபோட்டுச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பள்ளி விடுமுறைக்கு முன் இதே குழப்பத்தில் தவிக்கும் குடும்பங்கள் இங்கே பல இருப்பதால், வீட்டாருக்குச் சொன்னதையே சற்று விரித்து எழுதுகிறேன்.

கணவரின் அண்ணன் ராமேசுவரத்தைச் சொன்னார். காசிக்கு நிகரான தலம், மாமாவுக்குச் செய்ய வேண்டியதையும் செய்துவிட்டு வரலாம் என்பது அவர் வாதம். ஆனால் அங்கே கடலில் மூழ்கி, பின்பு கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் வாளியால் மொண்டு ஊற்ற நனைந்து, ஈரத்தில் வழுக்கும் கல்தரையில் ஒவ்வொரு கிணறாக நடக்க வேண்டும். நனையாமல் திரும்பி வருவதை அத்தை ஏற்கமாட்டார். நனைந்து நடப்பதை அவர் முழங்கால் ஏற்காது. ஆகவே அந்த ஊர் முதல் நாளே பட்டியலிலிருந்து விலகியது.

ஒப்பீடு என்றால் ஓர் அளவுகோல் வேண்டும். எனக்கு அது சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் கிடைத்தது. சென்ற புரட்டாசியின் கடைசிச் சனிக்கிழமை அங்கே வரிசையில் நின்றபோது, அத்தை முதல் கால்மணி நேரம் பக்கத்திலிருந்தவர்களுடன் பேசிக்கொண்டே நின்றார். அடுத்த கால்மணி நேரத்தில் பேச்சு நின்றது. எடையை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாற்றிக்கொண்டே இருந்தார். நாற்பதாவது நிமிடத்தில் தடுப்புக் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போனதைப் பார்த்த பிறகுதான் ஒரு தொண்டூழியரிடம் நாற்காலி கேட்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கணக்கில் நாற்பது நிமிடம் என்பது ‘ஒரு புரட்டாசி’. எந்தக் கோயிலானாலும் ஒரு புரட்டாசிக்குள் சன்னிதியை அடைந்து எங்காவது உட்கார முடிய வேண்டும். அதுதான் முதல் நிபந்தனை. பிள்ளைகள் கைப்பேசியை எடுக்காமல் இருக்கும் அளவுக்குக் கதை இருக்க வேண்டும் என்பது இரண்டாவது.

இரண்டாவதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இரண்டு ஊர்களும் உண்மையில் மோதிக்கொள்ளும் இடம் அதுதான். காஞ்சியிலும் சரி, கும்பகோணத்திலும் சரி, பல கோயில்களை ஒரே நூலில் கோக்கும் பெருங்கதை ஒன்று உண்டு. காஞ்சியின் நூல் பிரமனின் வேள்வி. சரசுவதியோடு பிணங்கி, அவள் இல்லாமலே பிரமன் வேள்வி தொடங்க, சினம் கொண்ட அவள் தடைமேல் தடையாக அனுப்புகிறாள். உலகை இருட்டாக்கியபோது பெருமாள் ஒளியாக நின்ற இடம் தூப்புல் விளக்கொளிப் பெருமாள் கோயில். அழிக்க வந்த கொடிய படையை எட்டுக் கைகளோடு எதிர்த்த இடம் அட்டபுயகரம். கடைசியில் அவளே வேகவதி ஆறாகப் பெருக்கெடுத்து வர, குறுக்கே அணையாகப் படுத்துத் தடுத்த இடம் திருவெஃகா. தடைகள் ஓய்ந்து, வேள்வித் தீயிலிருந்து வரதர் தோன்றிய இடம் அத்திகிரி, அதாவது வரதராசப் பெருமாள் கோயில். படிப்படியாக உச்சத்துக்கு ஏறும் கதை இது; என் மகனுக்கு இப்படிப்பட்டவைதான் பிடிக்கும்.

கும்பகோணத்தின் நூல் உடைந்த குடம். பிரளயம் வரும்போது படைப்பின் வித்துகளை அமுதத்தோடு ஒரு கும்பத்தில் இட்டு, மேலே தேங்காய், மாவிலை, பூணூல் எல்லாம் வைத்து மேருவின் உச்சியில் வைக்கிறான் பிரமன். வெள்ளத்தில் மிதந்து தெற்கே வந்து கரை தட்டிய குடத்தைச் சிவபெருமான் வேடனாக வந்து அம்பெய்து உடைக்கிறார். சிதறியவை ஒவ்வொன்றும் விழுந்த இடத்தில் ஒரு கோயில்: வில்வம் விழுந்த இடம் நாகேசுவரர், தேங்காய் அபிமுகேசுவரர், பூணூல் கௌதமேசுவரர், குடத்தைத் தாங்கிய உறி சோமேசுவரர், அம்பெய்ய நின்ற இடம் பாணபுரீசுவரர். அமுதத்தில் நனைந்த மணலையே பிசைந்து லிங்கமாக்கி அதனுள் அவர் ஒன்றிய இடம் ஆதி கும்பேசுவரர் கோயில். வழிந்தோடிய அமுதம் மகாமகக் குளத்திலும் பொற்றாமரைக் குளத்திலும் தேங்கியது என்பார்கள்.

இங்கேதான் என் தராசு முதன்முறை கும்பகோணத்தின் பக்கம் சாய்ந்தது. கதைச்சுவை என்று பார்த்தால் வேள்விதான் ஒரு படி மேல். ஆனால் காஞ்சியில் அந்தக் கதையின் முடிவு சின்னக் காஞ்சியிலும், மற்ற பெரிய கோயில்கள் பெரிய காஞ்சியிலுமாக ஊர் இரண்டாகக் கிடக்கிறது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் வண்டியில் ஏறி இறங்க வேண்டும். குடம் உடைந்த கதையோ ஆட்டோவில் சில நிமிடத் தொலைவுக்குள்ளேயே சிதறிக் கிடக்கிறது. மகள் ஒரு தாளில் குளத்தை நடுவில் வரைந்து, தேங்காயும் பூணூலும் வில்வமும் விழுந்த இடங்களைக் குறித்துக்கொண்டே வரலாம். அபிமுகேசுவரர் கோயில் குளத்தின் கீழ்க்கரையிலேயே இருக்கிறது. அத்தை படித்துறை நிழலில் உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் மட்டும் கரையைச் சுற்றி 16 மண்டபங்களையும் எண்ணிவிட்டு வர முடியும். நாயக்கர் காலத்தில் அமைச்சராக இருந்த கோவிந்த தீட்சிதர் கட்டுவித்தவை அவை.

காஞ்சிக்கு நியாயம் செய்யாமல் மேலே போக எனக்கு மனமில்லை. முத்தி தரும் ஏழு நகரங்களில் தெற்கே உள்ளது இது ஒன்றே. ஏகாம்பரநாதர் கோயிலின் மாமரத்தடியில் உமையம்மை மணலால் லிங்கம் பிடித்து வழிபட்டுக்கொண்டிருந்தபோது கம்பையாறு பெருகி வர, தன்னைக் காத்துக்கொள்ள நினையாமல் லிங்கத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். அந்தத் தழுவலில் இறைவன் குழைந்ததால் அவருக்குத் தழுவக்குழைந்தார் என்று பெயர். மணல் லிங்கம் என்பதால் இன்றும் அதற்கு நீர் அபிடேகம் இல்லை, புனுகுதான் சாத்துகிறார்கள். இந்தக் கதையை நான் சொல்லும்போதெல்லாம் அத்தை, “மண்ணுதானே, கரைஞ்சிடும்னு பயந்திருப்பா பாவம்” என்பார். காஞ்சியின் சிவன் கோயில்களில் அம்பாளுக்கெனத் தனிச் சன்னிதி வைக்காமல் ஊர் முழுமைக்கும் காமாட்சி ஒருத்தியே அம்பாளாக வீற்றிருக்கும் மரபையும் அந்த அணைப்போடு சேர்த்துப் பார்த்தால்தான் ஊரின் தன்மை புரியும். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராசசிம்ம பல்லவன் கட்டிய கைலாசநாதர் கோயிலும், அந்தக் குடமுழுக்கு நாளையே தள்ளிவைக்கச் சொல்லி, திருநின்றவூரில் பூசலார் மனத்துக்குள் கட்டிய கோயிலுக்கு இறைவன் முதலில் எழுந்தருளிய கதையும் எனக்குத் தனிப்பட்ட முறையில் மிக நெருக்கமானவை. ஆனால் மறுபிறவி நீங்கும் என்ற நம்பிக்கையோடு கைலாசநாதர் கருவறையைச் சுற்றி வரும் குறுகிய வழியில் தவழ்ந்துதான் நுழைந்து வெளியேற வேண்டும். அத்தை வெளியே உட்கார்ந்திருக்க நாங்கள் மட்டும் மறுபிறவி நீங்கி வருவது முறையாகுமா?

வரதர் கோயிலின் கணக்கு இன்னும் கடினம். அத்திகிரி மேலே மூலவரைப் பார்க்க 24 படிகள் ஏற வேண்டும். பல்லிகளைத் தொட்டுவிட்டு வர வேண்டும் என்பது அத்தையின் நெடுநாள் ஆசை. தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி இரண்டையும் தொட்டால் பல்லி விழுந்த தோஷம் போகும் என்று நம்புகிறார். வரிசை அங்கேயும் உண்டு. அனந்தசரசுக் குளத்துக்குள்ளிருந்து 40 ஆண்டுகளுக்கு ஒரு முறை வெளியே வரும் அத்திவரதர் 2019இல் வந்து போய்விட்டார், அடுத்தது 2059. அப்போது போகப்போவது என் மகளின் பிள்ளைகளாக இருக்கலாம் என்று சொன்னதும் அத்தை சிரித்துக்கொண்டே என் கையில் ஒன்று வைத்தார்.

காலத்தைப் பொறுத்தவரை இரண்டு விடுமுறைகளும் இரண்டு ஊர்களுக்கும் வெவ்வேறு விதமாகப் பொருந்துகின்றன. சூன் விடுமுறை பெரும்பாலும் வைகாசியில் வருகிறது. வரதரின் பிரமோற்சவக் கருட சேவையும் வைகாசியில்தான். கோபுர வாசலில் ஒரு நொடி குடையால் மறைத்து, சோளிங்கபுரத்தில் இருந்தபடியே மனத்தால் தொழுத தொட்டாச்சாரியாருக்குக் காட்சி கொடுக்கும் அந்தத் தருணத்தை இளவயதில் பார்த்துவிட வேண்டும். 76 வயதில் அந்தக் கூட்டத்தில் நிற்பது பல புரட்டாசிகள். வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கோயில்களில் கூரைக்குக் கீழேயே சுற்றிப் பழகிய உள்ளங்கால்களுக்கு, திறந்த வெளிப் பிராகாரத்தின் கருங்கல் முற்பகலிலேயே தோசைக்கல்லாகிவிடும். கால் வலிக்காரர் வேகமாகவும் ஓட முடியாது. கும்பகோணத்துக்கும் சூன் மாத வெயில் குறைவில்லை.

நவம்பரில் தொடங்கும் ஆண்டிறுதி விடுமுறையோ வடகிழக்குப் பருவமழையோடு வருகிறது. டெல்டாவில் மழை பிடித்தால் நாள் முழுக்கப் பிடிக்கும். ஆனால் டிசம்பரின் பின்பாதியில் மழை பெரும்பாலும் தணியத் தொடங்க, மார்கழியும் பிறந்துவிடுகிறது. விடியலில் கோலம், திருப்பாவை, சுடச்சுட வெண்பொங்கல், கால் சுடாத தரை. நாச்சியார்கோயிலில் கல்கருடன் புறப்படுவதும் மார்கழியிலும் பங்குனியிலுந்தான். சன்னிதியிலிருந்து கிளம்பும்போது நான்கு பேர் தூக்கும் கல் திருமேனி, வெளியே வர வர எட்டு, 16, 32, 64 பேர் தோள் கொடுக்கும் அளவுக்குக் கனத்துக்கொண்டே போகும் என்பது அந்த ஊர் வழக்கு. உள்ளே திரும்பும்போது அதே வரிசையில் குறைந்துகொண்டே வரும். கணக்கில் கெட்டிக்காரனான என் மகன் இதைக் கேட்டதும், “அப்போ அடுத்தது 128ஆ?” என்று கேட்டான். அவனுக்கு அந்த ஒரு காட்சி போதும்.

ஆண்டைத் தேர்வதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். மகாமகம் 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை. 2016இல் நடந்தது, அடுத்தது 2028 மாசியில். கங்கை முதலான ஒன்பது புண்ணிய நதிகளும் மக்கள் தங்களிடம் கழுவிவிட்டுப் போன பாவத்தைத் தாங்கள் கழுவிக்கொள்ள வரும் நாள் என்பது கதை. குளம் சில ஏக்கர்தான், வருகிறவர்கள் இலட்சக்கணக்கில். 1992இல் அங்கே நெரிசலில் உயிர்கள் போனதை அத்தை வயதுள்ளவர்கள் மறக்கவில்லை. முதியவரை அழைத்துப் போகிறவர்கள் 2028 மாசியை விட்டுவிட்டு வேறு மாதம் பார்ப்பது நல்லது. இரண்டு ஊர்களிலும் எந்தக் கோயிலாவது பாலாலயம் செய்து திருப்பணியில் இருக்கிறதா என்பதையும் விமானச் சீட்டு எடுக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள். மூலவரைப் பார்க்க முடியாமல் திரும்பினால் அந்தக் குறை ஆயுளுக்கும் பேசப்படும்.

பயண வசதியில் பெரிய வேறுபாடு இல்லை. சென்னைக்கும் திருச்சிக்கும் இங்கிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேர நேரடி விமானம் உண்டு. சென்னையிலிருந்து காஞ்சி 75 கிலோமீட்டர், திருச்சியிலிருந்து கும்பகோணம் அதைவிடச் சற்று அதிகம். உண்மையான வேறுபாடு நண்பகலில் தெரியும். இரண்டு ஊர்களிலும் பெரும்பாலான கோயில்கள் பன்னிரண்டு மணிவாக்கில் நடை சாத்தி, மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கும். முதல் முறை காஞ்சி போனபோது, எங்களை ஏற்றி வந்த ஓட்டுநர் “கோயில் எங்கேயும் ஓடாதும்மா” என்று சொல்லி முதலில் ஒரு பட்டுக்கடையில் இறக்கிவிட்டார். புடவை விரிக்க விரிக்க மணி பன்னிரண்டேகால். ஏகாம்பரநாதர் கோபுரத்தைக் கிருட்டிணதேவராயர் 1509இல் எழுப்பினார் என்பதைக் கதவு சாத்தியிருந்த வாசலில் நின்றுதான் தோழிக்குச் சொன்னேன். அறை எடுக்காமல் சென்னையிலிருந்து ஒரு நாளில் போய் வருகிறவர்களுக்கு அந்த நான்கு மணி நேரம் பெரும் தொல்லை. கும்பகோணத்தில் பெரிய கோயில்களுக்கு நடுவிலேயே தங்க இடம் கிடைப்பதால், அத்தை அறைக்குத் திரும்பி, சாப்பிட்டு, காலை நீட்டிப் படுத்து, டிகிரி காப்பி குடித்துவிட்டு மாலையில் புதிதாகக் கிளம்பலாம். முழங்கால்காரருக்கு ஒரு நாளில் இரண்டு காலைகள் கிடைத்த மாதிரி.

கணவர் சுவாமிமலையைச் சேர்க்கச் சொன்னார். தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கும் அறுபது படிகள். தந்தைக்கே பிள்ளை பொருள் சொன்ன இடம். அவரும் மகனும் மட்டும் ஏறட்டும். தாராசுரத்து ஐராவதேசுவரர் கோயிலுக்கு மட்டும் எல்லாரும் போக வேண்டும். இரண்டாம் ராசராசன் கட்டியது, 2004இல் உலக மரபுச் சின்னமானது, தேர்போல் இழுக்கும் குதிரையும் சக்கரமும் தரை மட்டத்திலேயே இருப்பதால் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். அத்தைக்கு மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பதால் ஒப்பிலியப்பன் கோயில் எங்கள் வீட்டில் எதிர்ப்பின்றி நிறைவேறிய தீர்மானம். தள்ளாத கிழவராக வந்து பெண் கேட்ட பெருமாளிடம், உப்புப் போட்டுச் சமைக்கக்கூடத் தெரியாத சிறுபெண் ஐயா என்று மார்க்கண்டேயர் தட்டிக்கழிக்கப் பார்க்க, உப்பில்லாமலே உண்கிறேன் என்று அவர் மணந்துகொண்டார். இன்றும் அங்கே நிவேதனத்தில் உப்புச் சேர்ப்பதில்லை. “அந்தப் புளியோதரைய நான் பயமில்லாம ரெண்டு தொன்னை சாப்பிடுவேன்” என்று அத்தை முன்கூட்டியே அறிவித்துவிட்டார்.

இவ்வளவு எழுதிய பிறகும் எனக்குள் ஓர் இழுபறி இருந்தது. அதற்குக் காரணம் திருமழிசையாழ்வார். அவர் இரண்டு ஊர்களுக்கும் சொந்தக்காரர். காஞ்சியில் அவர் சீடர் கணிகண்ணனை அரசன் நாடு கடத்தியபோது, சீடன் போகிறான், நானும் போகிறேன், நீயும் உன் பைந்நாகப் பாயைச் சுருட்டிக்கொள் என்று திருவெஃகாப் பெருமாளிடம் ஆழ்வார் சொல்ல, அவரும் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். அரசன் மன்னிப்புக் கேட்டபின் திரும்பி வந்து, மற்றத் தலங்களுக்கு நேர்மாறான பக்கத்தில் தலை வைத்துப் படுத்தார். சொன்ன வண்ணம் செய்த பெருமாள் என்று அவருக்குப் பெயரே ஆயிற்று. அதே ஆழ்வார் குடந்தை என்னும் கும்பகோணத்துக்கு வந்து சார்ங்கபாணியைப் பார்த்ததும் கேட்ட கேள்வி, “நடந்த கால்கள் நொந்தவோ” என்பது. காட்டிலும் மேட்டிலும் நடந்த கால்கள் வலிக்கின்றனவா, அதனால்தான் படுத்திருக்கிறாயா, கிடந்தவாறே எழுந்து ஒரு வார்த்தை பேசு என்றார். பெருமாள் எழ முற்பட, அந்த அளவே போதும் என்று ஆழ்வார் நிறுத்திவிட்டார். அதனால் சார்ங்கபாணி முழுக்கப் படுத்தும் இல்லை, எழுந்தும் இல்லை. எழத் தொடங்கிய நிலையிலேயே இருக்கிறார்.

சொன்னதும் நடந்து வந்த தெய்வம் காஞ்சியில், கால் வலிக்கிறதா என்று கேட்கப்பட்ட தெய்வம் குடந்தையில். இதில் அத்தை எதைத் தேர்வார் என்று எனக்குத் தெரியவில்லை. புதுமணத் தம்பதிகளாகவோ, முழங்கால் ஒத்துழைக்கும் நண்பர்களாகவோ போகிறவர்களுக்கு நான் தயங்காமல் காஞ்சியைச் சொல்வேன். இரண்டு இரவு அங்கேயே தங்கி, வேள்விக் கதையை வரிசை மாறாமல் பின்தொடர்ந்து, காலையில் மிளகும் சுக்கும் மணக்கும் காஞ்சிபுரம் இட்லி தின்றுவிட்டுக் கைலாசநாதர் வாசலில் வெயிலுக்கு முன்பே நிற்கலாம்.

எழுதியதை ஞாயிற்றுக்கிழமை பசியாறிய பிறகு அத்தைக்குப் படித்துக் காட்டினேன். பூதக்கண்ணாடி இல்லாமல் இப்போது இடக்கண்ணால் நாளிதழ் படிக்கிறார் என்றாலும், என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்பதுதான் அவருக்குப் பிடிக்கும். நான் குறிப்பில் சேர்க்காமல் விட்டிருந்த ஒன்றை அவரே எடுத்தார். திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிப் பார்வை இழந்த சுந்தரருக்குக் கச்சி ஏகம்பத்தில், அதாவது காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலில், ஒரு கண்தானே கிடைத்தது? இடக்கண். வலக்கண் எங்கே கிடைத்தது?

திருவாரூரில் என்றேன். கும்பகோணத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டார். 40 கிலோமீட்டர் இருக்கும் என்றேன்.

“இடது இங்கேயே முடிஞ்சிடுச்சும்மா. அடுத்த கண்ணுக்கு நாள் குறிக்கிறதுக்குள்ள திருவாரூர் போயிட்டு வந்துடலாம். தம்பிய டிக்கெட் பாக்கச் சொல்லு” என்று சொல்லிவிட்டுக் காலுக்குத் தைலம் தேடி எழுந்தார். டிசம்பர் மூன்றாம் வாரம், திருச்சி வழி, தரைத்தள அறை, மடக்கு நாற்காலி ஒன்று. மூன்றாம் நாள் காலையில் ஒப்பிலியப்பன் கோயிலுக்கென்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு முதல் நாளுக்கு மாற்றியிருக்கிறேன். மூன்றாம் நாள் திருவாரூருக்கு.